டங்கன் எடுக்க இருந்த பெயர்

எங்கள் கட்டடத்தில் பத்துக் குடித்தனம். வாசலில் பத்து மணி, பத்துப் பெயர்ப்பட்டி. அவற்றை நான் தினமும் வாசிப்பேன். விடுப்பு, ஊர்வம்பு என்று சொல்லாதேயுங்கோ. முப்பத்தைந்து வருசமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறவளுக்கு ஆர் வந்தது, ஆர் போனது, எந்தப் பட்டியில் ஒரு பெயர் இரண்டாகித் திரும்பவும் ஒன்றாகியது என்று தெரிந்திருக்க வேண்டாமா? நாலாம் மாடி யூலியாவின் புருசன் விட்டுவிட்டுப் போனதை அவளுடைய தாய்க்கு முதலே அறிந்தவள் நான். அவள் பட்டியை மாற்றிய அன்றைக்கே ஒரு தட்டில் கட்லெட் கொண்டு போனேன். தட்டைக் கொடுத்துவிட்டு முழு விவரத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் மாடியில் என்னுடைய பட்டி, சிவராமன். அது என் மனுசனின் பெயர். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குக் குடும்பம் இருந்தது, குடும்பப் பெயர் இருக்கவில்லை. பெண்ணென்றால் கலியாணத்துக்கு முதல் தகப்பன் பெயர், பிறகு புருசன் பெயர். அதனால் ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒருவராக இருந்தாலும் பட்டியைப் பார்த்து ஜெர்மன்காரன் கண்டுபிடிக்க மாட்டான்.

இரண்டாம் மாடியில் வைத்திலிங்கம். அது என் அப்பாவின் பெயர்.

அந்த வீட்டில் இருப்பது அன்ரனும் அவன் மனைவி கலாதேவியும். ஒரே மகள் கம்சனா படிப்பு முடிந்து தனியாகப் போய்விட்டாள். இவர்கள் ஒருவரும் எனக்குச் சொந்தமில்லை. அன்ரன் வேதக்காரன், சூசைப்பிள்ளையின் மகன். ஆனால் அவனுடைய பாஸ்போட்டைத் திறந்தால் வைத்திலிங்கம் கார்த்திகன் என்றுதான் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயரும் கடதாசியில் ஒரு பெயரும் இருப்பது வழக்கமானபடியால் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

கார்த்திகன் என் தம்பி. எண்பத்தாறாம் ஆண்டு இந்தியாவுக்குப் போன படகில் கடலோடு போனவன். அதே படகில் இருந்து தப்பியவன் அன்ரன். அன்ரனின் தமையன் இயக்கத்தில் இருந்ததால், சூசைப்பிள்ளையின் மகன் என்று எழுதி வைத்துக்கொண்டு ஆமிக்காரன் தேடினான். அந்தப் பெயரோடு கொழும்புக்குப் போனால் பாஸ்போட் வராது, ஆள்தான் போகும். உடல் கிடைக்காத என் தம்பிக்கு நாங்கள் மரணப் பதிவு செய்திருக்கவில்லை. அவனுடைய பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கள் றங்குப்பெட்டிக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தவள் நான். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஆகவே கடதாசிப்படி என் தம்பி சாகவில்லை. பீலஃபெல்ட் நகரத்தில் ஒரு தளபாடக் கொம்பனியில் வேலை செய்து, வரி கட்டி, கொலஸ்ரரோலுக்குக் குளிசை போட்டுக்கொண்டு இருக்கிறான். ஊரிலுள்ள எல்லாருடைய கதையையும் கதைக்கிற நான் கதைக்காமல் விட்ட ஒரே கதை இதுதான்.

இந்த வருசம் மாசி மாதம் கம்சனா ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செம்பட்டைத் தலை, ஆறடி உயரம். படியில் ஏறினால் கட்டடம் முழுக்க அறியும். பெயர் டங்கன், பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறான். தாய் ஜெர்மன்காரி, இப்போது இல்லை. தகப்பன் ஸ்கொட்லாந்துக்காரன், பிரித்தானிய ஆமி இங்கே முகாம் வைத்திருந்த காலத்தில் லொறி திருத்த வந்து, இங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டவர். இவ்வளவையும் நான் அவன் முதல்நாள் படியேறி இறங்குவதற்குள் கேட்டு முடித்துவிட்டேன்.

"கடைசிப் பெயர் என்ன?"

"மக்கிரெகர்," என்றான்.

அன்றைக்குப் பின்னேரமே போனில் தேடிப் பார்த்தேன். மக் என்றால் மகன். கிரெகர் என்றால் விழித்திருப்பவன். எங்களைப்போலவே அவர்களும் தகப்பன் பெயரைப் போட்டுத்தான் தொடங்கியிருக்கிறார்கள், பிறகு அதையே பிடித்துக்கொண்டு விட்டார்கள். ஆனால் எனக்குச் சுவை பட்டது அடுத்த பகுதிதான். அந்தப் பெயரை ராசா தடை செய்திருக்கிறார்! ஆயிரத்து அறுநூற்று மூன்றாம் ஆண்டு. மாடு களவெடுத்தது, பக்கத்துக் குலத்தோடு வெட்டுக்குத்துப் பட்டது என்று ஏகப்பட்ட முறைப்பாடு. கடைசியில், அந்தப் பெயரை வைத்திருந்தால் மரண தண்டனை. நாலு பேருக்கு மேல் ஒன்றாகக் கூடக்கூடாது. சாப்பாட்டில் இறைச்சி வெட்ட ஒரு கத்தி வைத்திருக்கலாம், அதுவும் முனை இல்லாத கத்தி.

இப்படி ஒரு செய்தி கையில் கிடைத்தால் நான் எப்படி நித்திரை கொள்வது? கலாதேவிக்குச் சொன்னேன். தமிழ்க்கடையில் கறிவேப்பிலை வாங்க நின்ற ஸ்வர்ணாவுக்குச் சொன்னேன். அவளுக்குச் சொன்னால் டோர்ட்முண்ட் வரை போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். "கம்சனா மாட்டுக்கள்ளர் வீட்டுக்கு மருமகளாப் போறாளாம், கத்திக்கு முனை இல்லாதபடியால் பயமில்லையாம்." சிரித்தோம். சும்மா சிரிப்புத்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை டங்கன் சைக்கிள் பூட்டுகிற இடத்தில் நின்றான். நான் குப்பை போடப் போனேன். ஆனியில் பதிவுக் கந்தோரில் ரெர்மின் எடுத்துக் கலியாண நாளும் குறித்தாயிற்று, எந்தக் குடும்பப் பெயரை வைப்பது என்றுதான் இருவரும் யோசிக்கிறார்கள் என்றான். இந்த வருசம் சட்டம் மாறி, இரண்டு பெயரையும் கோடு போட்டுச் சேர்த்தும் வைக்கலாமாம்.

"மக்கிரெகர்-வைத்திலிங்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு முடிக்க மணி அடித்துவிடும்," என்று சிரித்தான்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் சொல்லுவேன். "அப்ப அவளுடைய பெயரை எடு. உன்னுடையது களவுக் கேஸ். அவளுடையது சிவனுடைய பெயர், நோய் தீர்க்கிற வைத்தியனாக வந்த சிவன். இப்ப எத்தனையோ ஆம்பிளைகள் பெண்சாதியின் பெயரை எடுக்கினம். சொல்லிப் பார்."

அவன் சொல்லிப் பார்த்தான். ஜெர்மன் நாக்கில் முதல் எழுத்துச் சறுக்கியது. நான் திருத்தினேன். இரண்டாம் தரம் சரியாக வந்தது. ஆறடிப் பெடியன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் அப்பாவின் பெயரைச் சொன்னபோது எனக்குள் ஏதோ குளிர்ந்துபோனது. என்னுடைய பெடியன்கள் இரண்டும் சிவராமன்கள். தம்பிக்குப் பிள்ளை இல்லை, தம்பியே இல்லை. வைத்திலிங்கம் என்ற மனுசன் என்னோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இதோ ஒருவன் அதை எடுத்துப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் கொண்டு போகப் போகிறான்.

அந்தக் குப்பைத் தொட்டியடியில் நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

பதிவுக்கு ஐந்து நாள் இருக்க, ஞாயிற்றுக்கிழமை, டங்கனின் தகப்பன் ஹேமிஷ் இரண்டாம் மாடிக்குக் கோப்பி குடிக்க வந்தார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு போனால் ஆரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஹேமிஷ் மெல்லிய குரலில் கதைக்கிற மனுசன், கையெல்லாம் பெரிசு. நான்தான் வாயைக் கொடுத்தேன். "உங்களுடைய பெயரை ராசா தடை செய்தவராமே?"

கலாதேவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஆனால் மனுசன் கோபிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். மாடு களவெடுத்ததும் உண்மைதானாம். ஆனால் எல்லாரும் எடுத்தார்களாம், காணியைப் பறிக்க நினைத்தவர்களுக்கு இவர்களுடைய களவு மட்டும் கண்ணில் பட்டதாம்.

"பெயரைச் சொன்னால் சாவு. அதனால் பக்கத்தில் இருந்தவர்களின் பெயரை எடுத்தார்கள். ஒருவன் மறே, ஒருவன் கிராண்ட், ஒருவன் டிரமண்ட். எங்கள் ஆட்கள் மறேயாக இருந்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதும் அந்தப் பெயர்தான். கல்லறைக்கும் அதுதான்."

"எவ்வளவு காலம்?" அதுவரை ஒரு வார்த்தை கதைக்காத அன்ரன் கேட்டான்.

"இடையில் கொஞ்சக் காலம் விட்டார்கள், திரும்பவும் தடுத்தார்கள். முழுதாக நீக்கியது ஆயிரத்து எழுநூற்று எழுபத்து நாலில். கூட்டிப் பார்த்தால் நூற்று எழுபது வருசம்."

"பிறகு எல்லாரும் திருப்பி எடுத்தவையோ?"

"எல்லாரும் இல்லை. சிலர் மறேயாகவே நின்றுவிட்டார்கள். அதற்குள் அவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஆர் என்றே தெரியாமல் போய்விட்டது." அவர் சிரித்தார். "எங்கள் முப்பாட்டன் ஒருவர் திருப்பி எடுத்தார். அதனால் நான் இந்த மேசையில் மக்கிரெகராக இருக்கிறேன்."

அன்ரன் றோல்ஸைக் கையில் வைத்தபடியே இருந்தான். அவனுடைய மூக்கு நுனி வேர்த்திருந்தது.

அந்த நேரத்தில்தான் டங்கன் கம்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒரு விசயம். நாங்கள் வைத்திலிங்கம் என்று வைக்கப் போகிறோம். நானும்," என்றான்.

கம்சனா எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அப்பப்பாவின்ரை பெயரைச் சண்டைக்குள்ளாலையும் கடலுக்குள்ளாலையும் அப்பா கொண்டு வந்தவர். அதை நான் விடமாட்டன் எண்டனான். டங்கன் தானும் எடுக்கிறன் எண்டிட்டான்."

அவள் காது கேட்கும் கருவி பொருத்துகிற கடையில் வேலை செய்கிறவள். ஆருக்கு எது கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவளுக்குத் தகப்பனின் முகம் பிடிபடவில்லை.

ஹேமிஷ் மகனைப் பார்த்தார். பிறகு, "உன்னுடைய வாழ்க்கை, உன்னுடைய பெயர். நல்ல பெயர்தான்," என்றார். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் கோப்பையை எடுத்தவர் குடிக்காமல் திரும்ப வைத்தார். நான் அதைப் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் பார்க்கிறவள்தானே.

திங்கட்கிழமை நிலவறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றேன். அன்ரன் இறங்கி வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, நீங்கள்தானே அவனுக்கு இந்த எண்ணத்தை ஏத்தி விட்டனீங்கள்?"

"நானோ? எனக்கென்ன வந்தது?"

"நோய் தீர்க்கிற சாமியின்ரை பெயரெண்டு உங்களைத் தவிர ஆர் அவனுக்குச் சொல்லியிருப்பினம்? நானோ? நான் மாதா கோயில் பூசைக்குப் போறவன்." அவன் தோய்க்கிற மெசினில் சாய்ந்தான். "அக்கா, அந்தப் பெயர் எனக்கு உயிர் தந்தது. மறக்கேல்லை. ஆனால் அந்தப் பெடியனைப் பாருங்கோ. அவன்ரை ஆக்கள் செத்தும் விடாமல் பிடிச்ச பெயரை எறிஞ்சு போட்டு, நான் இரவல் வாங்கின பெயரை எடுக்கப் போறான். நான் பிள்ளையிட்டைச் சொல்லப் போறன்."

எங்களில் எந்த இளைய ஆம்பிளையையும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அன்ரனை மட்டும் நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அந்த நிலவறையில் முதல் முறையாகக் கூப்பிட்டேன். எப்படி மனம் வந்ததோ.

"பொறு தம்பி. சொன்னால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சனீயோ? பொய்ப் பெயரிலை குடியுரிமை எடுத்தது எண்டு பறிச்சுப் போடுவாங்கள். இந்த வயசிலை எங்கை போவாய்? கலாவை என்ன செய்வாய்?"

அவனுடைய முகம் சுண்ணாம்பாய்ப் போனது.

"அப்பிடியும் செய்வாங்களோ?"

"பின்னே?"

செய்யமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். நாலைந்து வருசத்துக்கு முதல் பயத்தில் ஒரு வக்கீல் பெண்ணிடம் ஆருக்கோ என்று சொல்லிக் கேட்டிருந்தேன். குடியுரிமை கிடைத்துப் பத்து வருசம் தாண்டினால் அந்தக் காரணத்துக்காகத் திருப்பி எடுக்க ஏலாது என்று அவள் சொன்னாள். அன்ரனுக்குக் கிடைத்து இருபது வருசத்துக்கு மேல். அந்த நல்ல செய்தியை நான் அவனுக்குச் சொன்னதேயில்லை. ஏனென்று அப்போது எனக்கே தெரியாது. நிலவறையில் தெரிந்தது. பயந்த ஆள் பெயரைப் பத்திரமாக வைத்திருப்பான்.

அன்ரன் படியேறிப் போனான். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. அவன் சாப்பிடுகிறானில்லை, வயிற்றில் ஏதோ என்று கலாதேவி சொன்னாள். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அடித்தவளே மருந்து கட்டுகிற வேலை.

புதன்கிழமை படிக்கட்டுக் கூட்டுகிற முறை என்னுடையது. கீழ்ப்படியில் நிற்கும்போது ஹேமிஷ் வாசலில் வந்து நின்றார். அன்ரன் வீட்டுக்கா என்று கேட்டேன். இல்லை, உங்களிடம்தான் என்றார். கையில் ஒரு கடதாசி. வைத்திலிங்கம் என்று பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி, ஒவ்வொரு அசைக்கும் இடையில் கோடு போட்டிருந்தார்.

"திருமதி சிவராமன், உங்களுக்கு நேரமிருந்தால். பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுடைய பெயரைப் பிழையாகச் சொல்லுகிற தாத்தாவாக நான் இருக்கக்கூடாது. டங்கன் சொன்னான், நீங்கள்தான் அவனுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தீர்களாம்."

இரண்டாம் படியில் அவர் இருந்தார், நாலாம் படியில் நான். தும்புத்தடி மடியில். அவர் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். ஐந்தாம் தரம் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார், அந்தப் பெரிய கையால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு.

"இந்தப் பெயருக்காக உங்கள் ஆட்களும் கஷ்டப்பட்டிருப்பார்கள், இல்லையா?" என்று கேட்டார். "அதனால்தான் எனக்கு ஆறுதல். சும்மா ஒரு பெயருக்காக அவன் எங்களுடையதை விடவில்லை."

என்னால் ஏலவில்லை. அடுப்பில் பருப்பு இருக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லி மேலே ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்குள் நின்றேன். கீழே அவர் இறங்கிப் போகும்போதும் சொல்லிக்கொண்டே போனது கேட்டது. இந்தப் படிக்கட்டில் எல்லாம் கேட்கும்.

வியாழன் பின்னேரம் கம்சனா கலியாணச் சேலைக்குச் சட்டை போட்டுப் பார்க்கத் தாய் வீட்டுக்கு வந்தாள். நான் போய்க் கதவைத் தட்டினேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை.

"அன்ரி வாங்கோ, இந்தக் கை இறுக்கமோ எண்டு பாருங்கோ," என்றாள் கம்சனா.

"பிள்ளை, முதல் இரு. அன்ரன், நீயும் வா. கலா, அடுப்பை நிப்பாட்டு."

சொன்னேன். எனக்கு வழக்கமாகக் கதை சொல்லும்போது கை, கண், குரல் எல்லாம் சேரும். அன்றைக்குக் கந்தோரில் விண்ணப்பம் வாசிக்கிறவள் மாதிரிச் சொன்னேன். படகு, றங்குப்பெட்டி, சாட்சிப்பத்திரம். வைத்திலிங்கம் உன்ரை அப்பப்பா இல்லை, என்ரை அப்பா. உன்ரை அப்பப்பா சூசைப்பிள்ளை.

கம்சனா தகப்பனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"அம்மா, உங்களுக்கு?"

"கலியாணத்துக்கு முதலே சொன்னவர்," என்றாள் கலாதேவி.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. இருபத்தொன்பது வருசமா நான் ஆரோ ஒருத்தரின்ரை பெயரைக் கையெழுத்தா வைச்சுக்கொண்டு திரியிறன்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "நாளைக்குக் காலமை பத்து மணிக்கு ரெர்மின். இண்டைக்கு ஏன் சொல்லுறீங்கள்?"

"அப்பா திங்கட்கிழமையே சொல்லப் போனவர். நான்தான் குடியுரிமை போகும் எண்டு பயப்படுத்தி நிப்பாட்டினனான். போகாது. அது எனக்கு முதலே தெரியும்."

அன்ரன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா?"

"ஓம். டங்கனுக்கு ஏத்தி விட்டதும் நான்தான்."

"ஏன் அன்ரி?" என்றாள் கம்சனா.

"என்ரை அப்பாவின்ரை பெயர் இருக்கட்டும் எண்டு ஆசை."

கம்சனா போட்டிருந்த சட்டையின் கைத்தையலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு நான் நினைத்தேயிருக்காத ஒன்றைக் கேட்டாள்.

"அவர் செத்த நாள் எது?"

"ஆர்?"

"உங்கடை தம்பி. கார்த்திகன்."

வாயைத் திறந்தேன். எண்பத்தாறு. மாரி தொடங்குகிற காலம். அதற்கு மேல் வரவில்லை. அவனுடைய பிறந்த திகதி எனக்கு நித்திரையிலும் தெரியும். அன்ரனின் எல்லா விண்ணப்பங்களிலும் அதுதான், வருசா வருசம் அந்த நாளில் கலாதேவி கேக் செய்வாள், நானும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். செத்த நாளை நான் வைத்திருக்கவில்லை. திவசம் செய்தால் ஆருக்கு என்று கேட்பார்கள் என்ற பயத்தில் முதல் வருசம் விட்டேன். அடுத்த வருசமும் விட்டேன். பிறகு திகதியே போய்விட்டது. கடதாசியில் இருப்பவனைக் காப்பாற்றக் கடலில் போனவனை விட்டுவிட்டேன்.

"ஒக்ரோபர் இருபத்தொண்டு," என்றான் அன்ரன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செவ்வாய்க்கிழமை. விடியப்புறம். என்ரை கையைத்தான் பிடிச்சிருந்தவன். நான் ஒவ்வொரு வருசமும் கோயிலிலை மெழுகுதிரி கொளுத்துறனான் அக்கா. உங்களுக்குச் சொன்னால் அழுவியளெண்டு சொல்லேல்லை."

நான் அழவில்லை. அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டி வரும். அந்த உரிமை எனக்கு இல்லை என்று எழும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதிவுக் கந்தோருக்குப் போவதா விடுவதா என்று எட்டு மணி வரைக்கும் யோசித்தேன். பிறகு போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று ஸ்வர்ணா கேட்பாள். இப்படித்தான் என் புத்தி.

பதிவுகாரி சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். டங்கன் கம்சனாவைப் பார்த்தான். அவனுடைய கண்ணும் வீங்கியிருந்தது. இரவு முழுக்கக் கதைத்திருப்பார்கள் போல.

"மக்கிரெகர்," என்றாள் கம்சனா. "இரண்டு பேருக்கும்."

ஹேமிஷ் ஸ்கொட்லாந்து ஆம்பிளைகள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. மகனைப் பார்த்தார், பிறகு அன்ரனைப் பார்த்தார். அன்ரன் தலையை ஆட்டினான். மனுசன் பொக்கற்றில் லேஞ்சி தேடினார், அந்தப் பாவாடைக்குப் பொக்கற் இல்லை, பெரிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதிவுகாரி சத்தமாக வாசித்தாள். கம்சனா மக்கிரெகர், பிறப்பால் வைத்திலிங்கம். அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அவ்வளவாவது கடதாசியில் இருக்கிறது என்று. வந்த கையோடு வெட்கமும் வந்தது. வெட்கத்துக்குப் பிறகும் சந்தோசம் முழுதாகப் போகவில்லை. உள்ளதைச் சொல்லுகிறேன்.

வெளியே எல்லாரும் படம் எடுக்க நின்றார்கள். நான் எல்லாருடைய கோட்டையும் கையில் வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றேன். ஒருவரும் என்னை வா என்று கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கம்சனா தகப்பனின் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. "நீங்கள் அந்தப் பெயரிலையே இருங்கோ அப்பா. அந்த மறேக்கள் மாதிரி. எனக்கு மட்டும், ஒரு பிள்ளை வந்து கேட்டால் மறைக்காமல் சொல்லக்கூடிய பெயர் வேணும்."

கோட்டை வாங்க வந்தபோது என்னை நேரே பார்த்தாள். கோபம் போகவில்லை.

"உங்கடை தம்பியின்ரை படம் இருக்கோ?"

"இருக்குது."

"ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாங்கோ."

படம் அலுமாரியில் துணிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது. இத்தனை வருசமும் சுவரில் மாட்டவில்லை. மாட்டினால் அன்ரன் வரும்போதெல்லாம் படத்தில் இருக்கிறவன் இவனைப் பார்க்க வேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை கொண்டு போனேன். கறுப்பு வெள்ளை, ஸ்ரூடியோவில் எடுத்தது. மீசை வரவில்லை, வந்தது மாதிரி ஒரு பாவனை. இரவல் கோட், கழுத்துப் பக்கம் பெரிசு.

கம்சனா மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். டங்கனும் பார்த்தான். அன்ரன் தூரத்தில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தினை வயசு?"

"இருபது."

"என்னிலும் ஒன்பது வயசு சின்னவர்," என்றாள்.

அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். எனக்கும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.